புள்ளத்தாச்சிக் கயிறு

“இந்தச் சிப்பி ஆம்பளைங்கறீங்களா?”

“ஆம்பளதான், ஆன்ட்டி. சதையப் பாருங்க, பால் வெள்ளையா இருக்கு. பொம்பளயா இருந்தா பப்பாளிப் பழம் மாதிரி இருக்கும்.”

“அப்ப ஆம்பள வயித்துல புள்ள எப்படி வந்துச்சு?”

“புள்ள இல்லன்னுதான் சொல்றேன்.”

“எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவ கூட்டிட்டு வரட்டா, மிஸ்? அவருக்கும் எட்டு மாசம் மாதிரிதான் தெரியுது. உங்க கத்திய வச்சுப் பார்த்துச் சொல்லிடுங்க.”

தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரித்தாள், பண்ணையில் வேலை பார்க்கும் ராஜம்மா. சிப்பி பிரித்துப் பிரித்துத் தடித்துப்போன கையால் தொடையில் தட்டிக்கொண்டாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பிரேமலாவும் சிரித்துவிட்டாள். பல்கலைக்கழகத்திலிருந்து சிப்பிகளைப் பரிசோதிக்க வந்திருந்த பெண் அவள். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கலாம். கத்தி முனையால் சிப்பியின் செவுள் மடிப்பைப் புடவை மடிப்பை நீக்குவதுபோல நீக்கிக் காட்டினாள்.

உள்ளே அது இருந்தது. ஒரு பட்டாணி அளவு. ஊறிய ஜவ்வரிசியைப் போல வெளுத்து, உள்ளிருப்பது வெளியே தெரியும்படி மெத்தென்று இருந்தது. நூல்நூலாகக் கால்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள், அவையும் அழிந்துகொண்டிருப்பவை போல. அடிவயிற்றில் மட்டும் ஓர் ஆரஞ்சு நிறத் திட்டு.

“நண்டு” என்றாள் பிரேமலா. “பட்டாணி நண்டு. நீங்க இத்தன நாளா புள்ளத்தாச்சின்னு சொன்னது சரிதான். இந்த ஆரஞ்சு எல்லாம் முட்ட. ஆனா புள்ளத்தாச்சி சிப்பி இல்ல. நண்டு.”

ராஜம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கவிழ்த்துப் போட்ட கூடையின்மேல் உட்கார்ந்திருந்த யோகேஸ்வரியை அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

யோகேஸ்வரி முதலிலிருந்தே சிரிக்கவில்லை. இடது கை தன் வயிற்றின்மேல் இருந்தது. முப்பத்தோராவது வாரம்.

நீலப் பீப்பாய்களின்மேல் பலகை அடித்த மிதவை அது. கரையில் எல்லாரும் ராக்கிட் என்பார்கள். ஜொகூர் நீரிணையின் நடுவே, அந்தப் பக்கம் சிங்கப்பூர் மரங்கள் பச்சைக் கோடாகத் தெரியும் தூரத்தில், நங்கூரமிட்டு நின்றது. தலைக்குமேல் விமானங்கள் சக்கரங்களை நீட்டியபடி சாங்கி விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தன. பலகைகளுக்கு அடியில் இருபத்து நான்கு கயிறுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பச்சைச் சிப்பிகள், மலாய்க்காரர்கள் கூப்பாங் என்பவை, கொத்துக் கொத்தாக ஒட்டி வளர்ந்தன. யோகேஸ்வரியின் கணவன் குணாளன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து ஐந்து வருடங்களாகக் கட்டிக் காக்கும் பண்ணை.

புள்ளத்தாச்சி என்ற பெயர் விளையாட்டாகத்தான் வந்தது. சிப்பியை நீரிலிருந்து எடுத்துப் பலகையில் பரப்பினால் கொஞ்ச நேரத்தில் சில வாய் பிளக்கும். அந்த இடுக்கில் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகிக் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், எப்போதாவது ஒன்றில் உள்ளே ஏதோ சுருண்டு கிடப்பது தெரியும். ஒரு நாள் அப்படிப் பார்த்த ராஜம்மா, “அடியே, இவ முழுகாம இருக்காடி” என்று கத்தினாள். அன்றிலிருந்து அந்தச் சிப்பிகள் புள்ளத்தாச்சிகள் ஆயின. சிப்பிக்கு வயிறும் இல்லை, அது குட்டி போடுவதும் இல்லை என்பது யோசித்தால் தெரியும்தான். யார் யோசித்தார்கள்?

யோகேஸ்வரிக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. மூன்று முறை கர்ப்பம் தரித்து, மூன்று முறையும் நான்காம் மாதத்தைத் தாண்டாமல் இழந்தவள் அவள். மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் ராக்கிட்டுக்கு வந்தபோது, ராஜம்மா ஒரு புள்ளத்தாச்சியை மற்றவற்றோடு சேர்த்து மூட்டையில் போடப்போனாள். யோகேஸ்வரி அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

“வேணாம்கா. வயித்துல வச்சிருக்கிறத யாராச்சும் கொதிக்கிற சட்டியில போடுவாங்களா?”

அன்று மாலை குணாளன் ஒன்றும் கேட்காமல் இருபத்து நான்காவது கயிற்றைக் காலி செய்து கொடுத்தான். கண்டெடுத்த புள்ளத்தாச்சிகளை எல்லாம் அவள் வலைத்துணியில் சுற்றி அந்தக் கயிற்றில் கட்டித் திரும்பக் கடலில் விட்டாள். இத்தனையைக் காப்பாற்றினால் எனக்கு ஒன்றைக் காப்பாற்றிக் கொடு என்பதுதான் வேண்டுதல். யாரிடம் வேண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அம்மனிடமாக இருக்கலாம், கடலிடமாகவும் இருக்கலாம்.

கண்டெடுப்பதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. பெக்கான் நானாஸ் ஊரில் கல்யாணத்துக்குமுன் அன்னாசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பழத்தைக் கையில் ஏந்திய மாத்திரத்தில் உள்ளே சாறு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். சிப்பியிலும் அதே கைதான். புள்ளத்தாச்சிகள் மற்றவற்றைவிட இலேசாக இருக்கும். குச்சியும் வெளிச்சமும் இல்லாமலேயே எடுத்துத் தனியே வைப்பாள். ஏன் இலேசாக இருக்கின்றன என்று அப்போது அவள் கேட்டுக்கொண்டதில்லை.

நான்காம் முறை கர்ப்பச் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்த அன்று, கையில் கிடைத்த முதல் புள்ளத்தாச்சியை அவள் கயிற்றில் கட்டவில்லை. சின்ன வலைப்பையில் அதை மட்டும் தனியாக இட்டு, மஞ்சள் கயிற்றால் ராக்கிட்டின் கடைசிப் பீப்பாய்க்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பிள்ளை வேண்டுபவர்கள் கோயில் மரத்தில் கட்டும் தொட்டிலைப் போல அது நீரோட்டத்தில் ஆடியது. குணாளனுக்குக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. நான்காம் மாதம் கடந்தது. ஐந்தும் ஆறும் கடந்தன. வாரம் ஒருமுறை பீப்பாய் ஓரம் மண்டியிட்டு, நீருக்குள் கைவிட்டு, பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது பிரேமலா தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அய்யூப் பாய் அனுப்பிய ஒரு புகைப்படம்தான் அவளை இங்கே கொண்டுவந்தது. சம்பல் தட்டில் வாய் பிளந்த சிப்பி, அதற்குள் வெந்து சிவந்த குட்டி நண்டு. “குணா தம்பி, கூப்பாங் வாங்கினா நண்டு ஃப்ரீயான்னு கேக்கிறாங்க. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. தட்டுக்கு நாலு வருது” என்று குரல்பதிவும் வைத்திருந்தார்.

“கயிறுக்கு நூறு சிப்பி திறந்து பார்த்தேன்” என்றாள் பிரேமலா. “முதல் கயித்துல ரெண்டு நண்டு. அது எங்கயும் இருக்கிறதுதான். பன்னெண்டாவதுல ஒம்பது. இருபதாவதுல முப்பத்தி நாலு. கடைசிக் கயித்துல எழுபத்தொண்ணு. அங்கிருந்து இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கு.”

“நடந்தா?” என்றான் குணாளன். மிதவையின் மறு ஓரத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவன் ஈரக் கையை உதறியபடி வந்து நின்றான்.

“குஞ்சுங்க முதல்ல தண்ணியில மிதந்து திரியும். அப்புறம் ஒரு சிப்பிக்குள்ள போயிடும். பொம்பள நண்டு போனா போனதுதான், வெளிய வராது. ஆம்பள மட்டும் ராத்திரியில வெளிய வந்து கயித்துல நடந்து அடுத்த சிப்பியத் தேடும். வேற நாட்டுல ஒரு வகைய கேமரா வச்சுப் பார்த்திருக்காங்க. மூடியிருக்கிற சிப்பியோட விளிம்ப மெல்லத் தடவிட்டே நிக்குமாம். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், மூணுகூட. கடைசில சிப்பி திறக்கும்.”

“அலமாக்” என்றாள் ராஜம்மா. “நம்ம சிப்பி இவ்ளோ ஏமாளியா?”

“உள்ள போயி என்ன பண்ணும்?” யோகேஸ்வரி அன்று காலை பேசிய முதல் வார்த்தை அது.

“சாப்பிடும், அக்கா. சிப்பி தண்ணிய வடிகட்டித் தன் செவுள்ல சாப்பாட்டச் சேர்க்கும்ல? வாய்க்குப் போறதுக்குள்ள இது எடுத்துக்கும். சிப்பி சாகாது. அதான் இதோட கெட்டிக்காரத்தனம். மெலிஞ்சுட்டே வரும், செவுள் கிழிஞ்சு போகும், ஆனா உயிரோட இருக்கும். அது உயிரோட இருக்கிற வரைக்கும்தானே இதுக்குச் சாப்பாடு?”

“சிப்பிக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சாலும் என்ன பண்ணும்? கையா, காலா?”

“வெளிய எடுத்துட்டா நண்டு பொழைக்குமா?”

“பொழைக்காது. ஓடு எல்லாம் மெத்துன்னு ஆயிடும். கண்ணும் போயிடும். சிப்பி இல்லாம அது இல்ல.”

யோகேஸ்வரி வெகுநேரம் அந்த ஜவ்வரிசி உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு காலை அசைத்தது.

“அப்ப புள்ள மாதிரிதானே, மிஸ்?”

பிரேமலா நோட்டை மூடினாள். கத்தியைத் துணியில் துடைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மிஸ்ஸி சொன்னது யோகேஸ்வரியின் காதில் ஒலித்தது. எடைக் கருவியின்மேல் அவளை ஏற்றி இறக்கி, கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகத்தில் எழுதிக்கொண்டே அந்த நர்ஸ் சிரித்தாள். “பேபி ஜம்முனு இருக்கு. அம்மாதான் குச்சியாயிட்டே போறீங்க. உங்க ரெண்டு பேருல யாரு யார சாப்பிடுறீங்க?” யோகேஸ்வரியும் அப்போது சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றபோது தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. வளையல் முழங்கை வரை ஏறியது. வயிறு மட்டும் வேறு யாருடையதோபோல உருண்டு திரண்டு முன்னால் நின்றது.

அந்தப் பிங்க் புத்தகத்தோடு மிஸ்ஸி ஒரு தாளும் கொடுத்திருந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணிக் கட்டத்தில் கோடு போட வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்துக் கோடு வராவிட்டால் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழக்கமாகப் பத்தரை மணிக்குள் பத்தும் நிறைந்துவிடும். சில நாள் பத்து மணிக்கே. இன்று பன்னிரண்டாகப் போகிறது. தாளில் மூன்று கோடுதான் இருந்தது.

“இருபத்து நாலாவது கயித்துல மட்டும் ஏன் இவ்ளோ?” என்று பிரேமலா கேட்டாள். “அதுதான் எனக்குப் புரியல. அங்க சிப்பிங்க தானா ஒட்டல. ஒவ்வொண்ணையும் துணியில சுத்திக் கட்டியிருக்கு. யாரோ பொறுக்கி எடுத்து வச்ச மாதிரி.”

ராக்கிட் ஒருமுறை ஏறி இறங்கியது. தூரத்தில் போன எண்ணெய்க் கப்பலின் அலை இப்போதுதான் வந்து சேர்ந்தது. யோகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

“நான்தான் கட்டினேன்” என்றான் குணாளன்.

பிரேமலா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“சின்னச் சிப்பி, இலேசா இருந்துச்சு. இன்னும் வளரட்டும்னு திரும்பப் போட்டேன். எனக்கென்ன தெரியும் லா, மிஸ்? நான் கப்பலுக்குப் பெயின்ட் அடிச்சவன்.”

“எல்லாரும் சேர்ந்துதான் கட்டினோம்” என்றாள் ராஜம்மா, கடலைப் பார்த்தபடியே.

யோகேஸ்வரி தன் கைகளை விரித்துப் பார்த்தாள். ஒன்றரை வருடம் அவள் கையால் காப்பாற்றியது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. கணவனின் மற்றக் கயிறுகளுக்குள்ளும் அந்த நண்டை அவளே அனுப்பிவைத்திருக்கிறாள். பழத்தின் சாறு அறிந்த அதே கை. சாறு இல்லாததைத் தேடித் தேடி எடுத்து, பத்திரமாகக் கட்டி, உணவு ஓடிவரும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறது.

“இப்ப என்ன பண்ணணும்?” என்றான் குணாளன்.

“இந்தக் கடைசி அஞ்சு கயித்தையும் இன்னைக்கே மேல எடுத்திடுங்க. எல்லாத்தையும் வேக வச்சிடணும். திரும்பக் கடல்ல கொட்டக் கூடாது. ஒரு பொம்பள நண்டுகிட்ட ஆயிரக்கணக்குல முட்ட இருக்கும். ஒண்ணே ஒண்ணு தண்ணியில மிச்சம் இருந்தாலும் போதும்.”

எரிவாயு அடுப்பின்மேல் தண்ணீர் நிரப்பிய பெரிய இரும்புப் பீப்பாயை வைத்துக் குணாளன் நெருப்புப் பற்றவைத்தான். அவனும் ராஜம்மாவும் கயிறுகளை இழுத்துப் பலகையில் போட்டார்கள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கொத்துக் கொத்தாகச் சிப்பிகள் கொதிநீரில் விழுந்தன. விழுந்த சற்று நேரத்தில் அவை திறக்கும் ஒலி கேட்கத் தொடங்கியது. டக் என்று ஒன்று. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாமல். எத்தனையோ மணி நேரம் தடவினால்தான் திறப்பவை எல்லாம் இப்போது யாரும் கேட்காமலே திறந்துகொண்டன. நீர்ப்பரப்பில் ஆவிக்கு நடுவே சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் மிதந்து சுழன்றன.

இருபத்து நான்காவது கயிறு மேலே வந்தபோது குணாளன் கை ஒரு கணம் தயங்கியது. துணிச் சுருள்கள் ஒவ்வொன்றும் அவள் போட்ட முடிச்சு. அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

“யோகேஸ், நீ அந்தப் பக்கம் போய் உக்காரு.”

“பரவால்ல. போடுங்க.”

“இவ்ளோதானே? வேற எங்கயும் கட்டி வைக்கலயே?”

“இல்லங்க” என்றாள் அவள்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே வியப்பு. எழுந்து மிதவையின் கடைசி ஓரத்துக்கு நடந்தாள். அவளுடைய காலடிப் பலகைக்குக் கீழே, ஓர் ஆள் நீளத்துக்கும் குறைவான ஆழத்தில், மஞ்சள் கயிற்றின் நுனியில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துக் கொதிக்கும் பீப்பாயில் போட்டால் வேண்டுதல் முறிந்துவிடும். விட்டுவைத்தால் குணாளனின் மிச்சமிருக்கும் பத்தொன்பது கயிறுகளுக்கும் அங்கிருந்தே நண்டுகள் மறுபடி பரவத் தொடங்கும். அவள் வயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். எப்போதும் அப்படி அழுத்தினால் உள்ளிருந்து ஒரு குதிகால் பதில் சொல்லும்.

ஒன்றுமில்லை.

கூடைமேல் வைத்திருந்த இனிப்பு மைலோவை ஒரே மடக்கில் குடித்தாள். பிள்ளையை அசையவைக்க மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த வழி. இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். ஒரு விமானம் தாழ்ந்து போனது. இன்னொன்று போனது. பின்னால் சிப்பிகள் திறந்துகொண்டே இருந்தன. வயிற்றின் அடியில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, மெல்ல ஏதோ ஊர்ந்தது. உதை இல்லை. விளிம்பை ஒரு விரல் தடவிக்கொண்டு போவதுபோல இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அதற்குக் கோடு போடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அக்கா, தண்ணி வேணுமா? முகம் வெளுத்துப்போச்சு.” பிரேமலா அருகே வந்து நின்றிருந்தாள். அவள் கையுறையில் இன்னும் சிப்பிச் சளி ஒட்டியிருந்தது.

யோகேஸ்வரி மண்டியிட்டாள். வயிறு இடித்தது. பக்கவாட்டில் திரும்பி, நீருக்குள் தோள்வரை கையை விட்டாள். பிரேமலா பதறிப்போய் அவள் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். பாசி படிந்து பச்சையாகிவிட்ட மஞ்சள் கயிறு கையோடு வந்தது. அதன் நுனியில் வலைப்பை. அதற்குள் ஒற்றைச் சிப்பி, உள்ளங்கை நீளம்.

“இது...” என்றாள் பிரேமலா.

“ஆறு மாசமா வச்சிருக்கேன்.” யோகேஸ்வரி பையின் முடிச்சை அவிழ்த்து அதை வலது கையில் ஏந்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இலேசாக இருந்தது. அவள் தூக்கிய எந்தச் சிப்பியும் இவ்வளவு இலேசாக இருந்ததில்லை. அன்னாசித் தொழிற்சாலையில் இப்படிக் கனமில்லாமல் ஒரு பழம் வந்தால், வெட்டிப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

மிதவையின் மறுகோடியில் குணாளன் நீண்ட கம்பால் பீப்பாயைக் கிளறிக்கொண்டிருந்தான். ஆவியில் அவன் முகம் தெரியவில்லை. ராஜம்மா ஏதோ சொல்ல, அவன் சிரிக்க முயன்றது மட்டும் கேட்டது.

“அக்கா, அதையும் குடுங்க. அதுல போட்டுடலாம்.”

“போடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு.”

அவள் சிப்பியைப் பிரேமலாவின் கையில் வைத்தாள். அது வாயை மூடவில்லை. கைபட்டால் மூடிக்கொள்ள வேண்டிய ஓடு, ஒரு நெல் நுழையும் அளவுக்குத் திறந்தே இருந்தது. உள்ளே இருட்டு. பிரேமலா தன் இடுப்பிலிருந்த கத்தியைத் தொட்டாள். எடுக்கவில்லை.

யோகேஸ்வரி இரண்டு கைகளாலும் வயிற்றை ஏந்திக்கொண்டாள்.

“நீங்க படிச்சவங்க, மிஸ். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். திறந்து பார்த்து, ரெண்டுல யாரு உயிரோட இருக்காங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க.”